தரவு 2020 முதல் 2022 வரை, அச்சு மட்டும் ஆகஸ்ட் 1971 என்கிறது

வரைகோல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ரெண்டு நாளா மண்டை காயுது. ஒரு சென்சாரின் மாதச் சராசரி வெப்பநிலை, 2020 ஜனவரியிலிருந்து 2022 டிசம்பர் வரை, மொத்தம் 36 புள்ளி. பாண்டாஸில் (பைத்தானின் தரவு நூலகம்) படித்து, தேதியை இண்டெக்ஸாக, அதாவது வரிசைகளின் அடையாளமாக, வைத்து, பிளாட் என்று ஒரே வரியில் கோட்டு வரைபடம் போட்டேன். அழகாக வந்தது. ஆனால் எக்ஸ் அச்சில் மாதப்பெயரும் ஆண்டும் ஒரே வரியில் வேண்டும் என்று மேட்பிளாட்லிப்பின் (பாண்டாஸ் வரையப் பயன்படுத்தும் வரைபட நூலகம்) டேட்ஃபார்மேட்டரை, அதாவது தேதியை எழுத்தாக்கும் கருவியை, எடுத்து மாட்டினேன். அங்கேதான் பிடித்தது சனி.

கோடு அப்படியே இருக்கிறது. பெரிய டிக் (அச்சில் போடும் குறி) மூன்றின் கீழே மட்டும் வரிசையாக: ஆகஸ்ட் 1971, செப்டம்பர் 1971, மறுபடியும் செப்டம்பர் 1971. தரவை மூன்று தடவை அச்சிட்டுப் பார்த்துவிட்டேன். 1971 என்று ஒரு எழுத்துகூட அதில் இல்லை. எங்கிருந்து வருகிறது இது?

சுருக்குவழி

இதுக்கெல்லாம் ரெண்டு நாளா? செட் எக்ஸ்டிக்லேபிள்ஸ்னு ஒண்ணு இருக்கு நண்பா. உனக்கு வேணும்கிற பெயரை லிஸ்ட்டாப் போட்டுக் கொடு, அதையே எழுதிடும். நான் எப்பவும் அப்படித்தான் பண்றேன்.

எண்ணிப்பார்

சுருக்குவழி சொன்னதைத் தயவுசெய்து இப்போதைக்குச் செய்ய வேண்டாம், காரணத்தை அப்புறம் சொல்கிறேன். முதலில் 1971க்கு வருவோம்.

வரைகோல், உங்கள் கோட்டை வரைந்தது பாண்டாஸா, நேரடியாக மேட்பிளாட்லிப்பா? மாதத்துக்கு ஒன்று என்று இடைவெளி ஒழுங்காக இருக்கிறதா?

வரைகோல்

பாண்டாஸ்தான். ஆமாம், எல்லாம் மாதத்தின் முதல் தேதி, நடுவில் ஒன்றும் விடுபடவில்லை.

எண்ணிப்பார்

அப்படியானால் கணக்கு நேராக வருகிறது பாருங்கள்.

அச்சுக்குத் தேதி என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் மட்டும். தேதியை எப்படி எண்ணாக்குவது என்பதில்தான் இரண்டு நூலகமும் வேறு வேறு வழியில் போகின்றன. மேட்பிளாட்லிப் 3.3 பதிப்பிலிருந்து 1970 ஜனவரி 1ஐத் தொடக்கமாக வைத்து நாள்களை எண்ணுகிறது. பாண்டாஸோ, உங்கள் தரவு மாதம் தவறாமல் வருவதைக் கண்டுபிடித்து, அதே 1970 ஜனவரியிலிருந்து மாதங்களை எண்ணுகிறது. 2020 ஜனவரி அதற்கு 600ஆவது மாதம்: 50 ஆண்டு, ஆண்டுக்கு 12. ஆக உங்கள் எக்ஸ் அச்சில் உண்மையில் இருப்பது 600 முதல் 635 வரையான எண்கள்.

நீங்கள் மாட்டிய டேட்ஃபார்மேட்டர் மேட்பிளாட்லிப்காரர். அவர் 600ஐப் பார்த்ததும் 600 நாள் என்று நினைத்துக்கொண்டார். 1970 ஜனவரி 1க்கு 600 நாள் கழித்து என்ன தேதி? 1971 ஆகஸ்ட் 24. அடுத்த பெரிய டிக் 2021 ஜனவரி, அதாவது 612. அது செப்டம்பர் 5. அதற்கடுத்தது 624, செப்டம்பர் 17. உங்கள் மூன்று வருட வெப்பநிலையை முப்பத்தாறு நாளில் அடைத்துவிட்டார், அவ்வளவுதான். பழைய பதிப்பில் இதே தவற்றைச் செய்தால் ஆண்டு 0002 என்று வரும். அதைப் பார்த்து மிரண்டவர்கள் என் காலத்தில் நிறைய.

தீர்வு இரண்டு. பாண்டாஸிலேயே வரைய வேண்டுமானால் பிளாட்டுக்குள் எக்ஸ்_காம்பாட் என்பதை ட்ரூ என்று கொடுங்கள். மாத எண்ணிக்கையை விட்டுவிட்டு மேட்பிளாட்லிப்பின் நாள் கணக்குக்கே வந்துவிடும். இல்லையென்றால் ஆக்ஸ் டாட் பிளாட் என்று இண்டெக்ஸையும் மதிப்பையும் நேரடியாகக் கொடுத்து வரையுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். அச்சில் கை வைக்கப்போகிறோம் என்று தெரிந்தால், கோட்டையும் அச்சையும் ஒரே ஆளிடம் ஒப்படைப்பது நல்லது.

வரைகோல்

அடக் கடவுளே. 600 நாள்! எக்ஸ்_காம்பாட் போட்டதும் 2020 வந்துவிட்டது. மிக்க நன்றி.

ஆனால் சுருக்குவழி அண்ணா சொன்ன வழியில் என்ன கெடுதல்? எனக்கும் அதுதான் சுலபமாகத் தெரிந்தது.

சுருக்குவழி

அதானே. மூணு வருஷமா எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

எண்ணிப்பார்

வந்ததில்லையா, வந்தது தெரியவில்லையா? ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். எக்ஸ் மதிப்புகள் 1, 2, 3, 4. நான்கு காலாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒய்யில் ஏதாவது நான்கு எண். கோடு வரைந்துவிட்டு, செட் எக்ஸ்டிக்லேபிள்ஸில் நான்கு பெயர் கொடுங்கள்: முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம்.

செய்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

சுருக்குவழி

…

சரி, பண்ணிட்டேன். முதல் புள்ளிக்குக் கீழே "இரண்டாம்"னு இருக்கு. இரண்டாம் புள்ளிக்குக் கீழே "நான்காம்". மூணுக்கும் நாலுக்கும் கீழே காலி. "முதல்" எங்கே போச்சு?

எண்ணிப்பார்

கெட் எக்ஸ்டிக்ஸ் என்று கேட்டுப் பாருங்கள். 0.5, 1, 1.5, 2, 2.5, 3, 3.5, 4, 4.5 என்று ஒன்பது இடம் சொல்லும். நான்கு புள்ளி இருப்பதால் நான்கு டிக் இருக்கும் என்பது நம் நினைப்பு. அது தன் போக்கில் அரைக்கு அரை வைத்திருக்கிறது. அதோடு கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு வெளியிலும் ஒன்றிரண்டை வைத்திருக்கிறது. உங்கள் "முதல்" 0.5இல் போய் உட்கார்ந்துவிட்டது, அது படத்துக்கு வெளியே. மற்ற மூன்றும் அடுத்தடுத்த 1, 1.5, 2 ஆகிய இடங்களில் ஒட்டிக்கொண்டன.

செட் எக்ஸ்டிக்லேபிள்ஸ் எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்று பார்ப்பதேயில்லை. எத்தனையாவது டிக் என்று மட்டும் பார்த்து வரிசையாக ஒட்டிக்கொண்டு போகும். பெரிதாக்கினால், நகர்த்தினால், ஏன், படத்தின் அகலத்தை மாற்றினால்கூட டிக் இடம் மாறும், பெயர் மாறாது. மஞ்சள் எச்சரிக்கை ஒன்று வந்திருக்குமே, டிக்கின் எண்ணிக்கையை முதலில் நிலைப்படுத்து என்று? அது சும்மா வருவதில்லை.

சுருக்குவழி

அந்த எச்சரிக்கையை நான் வார்னிங்ஸ் ஃபில்டர் போட்டு மறைச்சு வெச்சிருக்கேன் 🙂

இப்ப சிரிப்பு வரலை. போன வருஷம் ஒரு காலாண்டு அறிக்கையில இதே மாதிரி கோட்டுப் படம் போட்டேன். வேலை பார்த்த இடத்தில ஒருத்தர் "ரெண்டாம் காலாண்டு இவ்வளவு நல்லாவா போச்சு?"ன்னு கேட்டார். ஆமாங்கன்னு சொல்லிட்டேன். அது முதல் காலாண்டோட எண்ணா இருந்திருக்கும். திறந்து பார்க்கவே பயமா இருக்கு.

எண்ணிப்பார்

திறந்து பாருங்கள், சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் ஒரு தடவை நடந்ததுதான்.

பெயர் ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால், இடத்தையும் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். 3.5 பதிப்பிலிருந்து செட் எக்ஸ்டிக்ஸுக்குள்ளேயே லேபிள்ஸ் என்று ஒரு இடம் இருக்கிறது. முதலில் 1, 2, 3, 4. பக்கத்திலேயே அவற்றின் பெயர்கள். இரண்டும் ஒரே வரியில் இருப்பதால் எண்ணிக்கை பொருந்தாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். பிழை காட்டாமல் தவறாக வரைவதைவிட அது எவ்வளவோ மேல்.

தேதிக்கும் தொடர் எண்ணுக்கும் அந்த ஒட்டு வேலையே தேவையில்லை. மேட்பிளாட்லிப்பில் ஒவ்வொரு அச்சிலும் இரண்டு வேலையாள் இருக்கிறார்கள். லொக்கேட்டர் எங்கே குறி வைப்பது என்று முடிவு செய்பவர். ஃபார்மேட்டர் அந்த இடத்து எண்ணை வாங்கி எழுத்தாக்கித் தருபவர். இவரிடம் பட்டியல் எதுவும் கிடையாது. 18262 என்று கொடுத்தால் ஜனவரி 2020 என்று திருப்பித் தருவார், அவ்வளவே. அதனால்தான் எங்கே நகர்த்தினாலும் பெயர் எண்ணோடு போகும்.

வரைகோலுக்கு: மந்த்லொக்கேட்டருக்கு பைமந்த் என்று 1, 4, 7, 10 கொடுங்கள். ஃபார்மேட்டராக கன்சைஸ்டேட்ஃபார்மேட்டரைப் போடுங்கள், அது 3.1இலிருந்து இருக்கிறது. ஜனவரி வரும் இடத்தில் ஆண்டை மட்டும் போட்டு, மற்ற இடத்தில் மாதத்தை மட்டும் போடும். ஒவ்வொரு டிக்கிலும் 2021, 2021, 2021 என்று ஏலம் போட வேண்டியதில்லை.

திரைவரையன்

டி3 (உலாவியில் படம் வரையும் நூலகம்) பக்கத்திலிருந்து ஒரு குரல். எங்களிடமும் டிக்ஸ் என்று எண்ணிக்கை கேட்கும் ஒன்று இருக்கிறது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் அதைக் கட்டளை என்று நினைக்கிறார்கள். அது வெறும் வேண்டுகோள்.

0 முதல் 100 வரை அளவுகோல். டிக்ஸ் 7 என்று கேளுங்கள், 6தான் தரும். சரி, ஒன்று கூட்டிக் கேட்போம் என்று 8 கேட்டால் 11 தரும்! காரணம், அது 1, 2, 5 ஆகியவற்றைப் பத்தின் அடுக்கால் பெருக்கி வரும் படிகளை மட்டுமே ஏற்கும். 7க்கு 20 பக்கத்தில் இருக்கிறது, 8க்கு 10. நடுவில் எதுவும் கிடையாது. கண்ணுக்கு இதமான எண் வேண்டும் என்ற இந்த யோசனை பழையது. கணினி வரைகலை ஆய்வாளர் பால் ஹெக்பர்ட் 1990இல் இதற்கு ஒரு குட்டி நிரல் எழுதி வைத்தார், அந்தத் தர்க்கத்தின் சாயலை இன்றும் பல நூலகங்களில் பார்க்கலாம். மேட்பிளாட்லிப் 2.5ஐயும் சேர்த்துக்கொள்ளும்.

குறிப்பிட்ட இடத்தில்தான் வேண்டும் என்றால் டிக்வேல்யூஸ். அது கட்டளை.

வரைகோல்

மாதம் ஜோராக வந்துவிட்டது. இப்போது இதே கோப்பில் இரண்டாவது படம், காற்றழுத்தம். ஒரு நாள் அளவீடு, 1013.2 முதல் 1013.9 வரை. ஒய் அச்சில் 0.2, 0.3 என்று ஆரம்பித்து 0.9 வரை போகிறது. உச்சியில் குட்டி எழுத்தில் கூட்டல் 1.013 ஈ 3 என்று என்னவோ. பார்த்தவர் "அழுத்தம் 0.5ஆ?" என்று கேட்டுவிட்டார்.

எண்ணிப்பார்

1.013 ஈ 3 என்றால் 1013தான். உதவி செய்கிறேன் பேர்வழி என்று அதைப் பொதுவாக வெளியே எடுத்து மேலே தொங்கவிட்டிருக்கிறது. யாரும் மேலே பார்ப்பதில்லை. டிக்லேபிள்_ஃபார்மேட்டில் யூஸ்ஆஃப்செட் ஃபால்ஸ். முடிந்தது.

கறார்பேர்வழி

இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தேன். லேபிளைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், அச்சு எங்கே தொடங்குகிறது என்று யாரும் கேட்கவில்லையே? அழுத்தம் 1013.2இல் தொடங்குகிறது. அரை அலகு ஏற்ற இறக்கம் மலையும் மடுவுமாகத் தெரியும். ஒய் அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். செட் ஒய்லிம்மில் பாட்டம் 0. இது நேர்மை சம்பந்தப்பட்ட விஷயம்.

திரைவரையன்

காற்றழுத்தத்தைப் பூஜ்யத்திலிருந்து வரைந்தால் உச்சியில் ஒரு நேர்கோடு தெரியும். அதைப் பார்த்து யாருக்கு என்ன லாபம்? வெப்பநிலைக்கும் அதே விதியா? செல்சியஸில் பூஜ்யம் என்பது நீர் உறையும் இடம். வெப்பமே இல்லாத இடம் அதுவல்ல. அளவையே மாற்றினால் பூஜ்யமும் இடம் மாறும்.

கறார்பேர்வழி

அப்படியென்றால் பட்டை வரைபடத்தையும் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாமா?

எண்ணிப்பார்

பட்டையில் கறார் சொல்வதுதான் சரி, அங்கே நான் அவர் கட்சி. 42, 48 என்று இரண்டு பட்டை. அச்சை 40இல் தொடங்கினால் கண்ணுக்குத் தெரியும் உயரம் 2, 8. ஒன்று மற்றொன்றைப்போல நான்கு மடங்கு. உண்மையில் வித்தியாசம் ஏழில் ஒரு பங்கு. பட்டையில் கண் நீளத்தை அளக்கிறது, நீளத்தின் அடியை வெட்டினால் அளவே பொய். கோட்டில் கண் இடத்தையும் சாய்வையும் பார்க்கிறது, அதனால் அடியை வெட்டுவது அங்கே குற்றமில்லை. இடத்தை ஒப்பிடும்போது எவ்வளவு துல்லியம், நீளத்தில் எவ்வளவு என்று கிளீவ்லாந்து, மெக்கில் என்ற புள்ளியியலாளர்கள் 1984இல் ஆட்களை வைத்தே சோதித்திருக்கிறார்கள். பொது அளவுகோலில் இடம் பார்ப்பதுதான் முதலில் வந்தது.

ஆனால் கோட்டிலும் கறாரின் கவலைக்கு இடம் உண்டு. ஒரே மாதிரி படம் இரண்டைப் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்கு 1013 முதல் 1014, மற்றதற்கு 990 முதல் 1030 என்று தானாக விட்டால் பார்ப்பவர் ஏமாறுவார். சப்பிளாட்ஸில் ஷேர்ஒய் ட்ரூ கொடுத்துவிடுங்கள், எல்லாப் படத்துக்கும் ஒரே ஒய் எல்லை வரும்.

கறார்பேர்வழி

ஷேர்ஒய் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அழுத்தத்தில் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆர்மொழியன்

எல்லை வைக்கிறதைப் பத்திப் பேசறதால ஆர் பக்கம் இருக்கிற ஒரு குழியைச் சொல்லிட்டுப் போறேன், நானே விழுந்த குழி. ஜிஜிபிளாட்2ல (ஆர் மொழியோட வரைபட நூலகம்) ஒய் அச்சை 0 முதல் 10 வரைக்கும் காட்டணும்னா ரெண்டு வழி இருக்கு. பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும், ஆனா இல்ல.

ஸ்கேல் ஒய் கன்டினியூவஸ்ல லிமிட்ஸ் கொடுத்தா, எல்லைக்கு வெளியே இருக்கிற தரவைத் தூக்கி எறிஞ்சுட்டு அப்புறம்தான் கணக்கே போடும். கோர்ட் கார்டீசியன்ல ஒய்லிம் கொடுத்தா, கணக்கைப் போட்டு முடிச்சுட்டு கேமராவை மட்டும் கிட்டக் கொண்டுபோகும்.

2, 3, 4, 5, 50 அஞ்சு எண் வெச்சு பாக்ஸ்பிளாட் (நடு மதிப்பையும் பரவலையும் காட்டற பெட்டிப் படம்) போடுங்க. நடு மதிப்பு 4. இப்ப ஸ்கேல் வழியா 10ல வெட்டுங்க. 50 போயிடும், நடு மதிப்பு 3.5 ஆயிடும். சராசரி போட்டிருந்தா இன்னும் மோசம், 12.8லிருந்து 3.5க்கு இறங்கிடும். அச்சைத்தானே மாத்தினோம்னு நாம நினைப்போம், அது தரவையே மாத்தியிருக்கும். ஒரு வரி நீக்கப்பட்டதுன்னு எச்சரிக்கை வரும். நான் அதை, ஏதோ காலியான கட்டம் போலன்னு விட்டுட்டேன். ஒரு வாரம் கழிச்சு வேற ஒருத்தர் அதே தரவுல வேற நடு மதிப்பு எடுத்துக்கிட்டு வந்து நின்னார்.

பெரிசாக்கிப் பார்க்கணும்னா கோர்ட் கார்டீசியன். ஸ்கேல்ல லிமிட்ஸ், நிஜமாவே அந்தத் தரவு வேணாம்னாத்தான்.

சுருக்குவழி

இந்த இழையில எச்சரிக்கையை மதிக்காம கெட்டது நான் மட்டும் இல்லைன்னு தெரிஞ்சதுல ஒரு ஆறுதல்.

மௌனவாசகி

நான் இங்கே எழுதுவது இதுவே முதல்முறை. அச்சில் மாதப்பெயரைத் தமிழில் போட முயன்றிருக்கிறீர்களா? எனக்கு எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. மேட்பிளாட்லிப்பின் இயல்பு எழுத்துரு டேஜாவூ சான்ஸ், அதில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவி, ஃபான்ட் ஃபேமிலியில் அதைக் கொடுத்தேன். கட்டம் போய்விட்டது.

ஆனால் "மே" சரியாக வரவில்லை. முதலில் ம, அதன் வலப்பக்கத்தில் ஒற்றையாக அந்த இரட்டைச் சுழிக் கொம்பு. "செப்டம்பர்" இன்னும் பரிதாபம். பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் முதலில் கவனிக்கவே இல்லை.

எண்ணிப்பார்

நல்வரவு. இது எழுத்துருவின் தவறில்லை. ஒருங்குறியில் ம முதலில், கொம்பு பிறகு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. காட்டும்போது கொம்பை முன்னே நகர்த்துவது எழுத்தை வடிவமைக்கும் இயந்திரத்தின் வேலை. நான் வைத்திருக்கும் மேட்பிளாட்லிப் அந்த வேலையைச் செய்வதில்லை, வந்த வரிசையில் வடிவங்களை அடுக்கிவிடுகிறது. கொம்பு இடப்பக்கம் வரும் எழுத்தெல்லாம் அடிபடும். மே, செப்டம்பர் இரண்டும் மாட்டியது அதனால்தான்.

இணையத்தில் போடும் படம் என்றால் எஸ்விஜியாக (புள்ளிகளாக இல்லாமல் கோடும் எழுத்துமாகச் சேமிக்கும் பட வடிவம்) சேமியுங்கள். அதற்கு முன் எஸ்விஜி டாட் ஃபான்ட்டைப் அமைப்பை நன் என்று வையுங்கள். எழுத்தைக் கோடாக மாற்றாமல் எழுத்தாகவே எழுதிவைக்கும். திறக்கும் உலாவி கொம்பைச் சரியான இடத்தில் வைத்துக்கொள்ளும். பிஎன்ஜியே வேண்டும் என்றால் எம்பிஎல்கெய்ரோ என்ற மாற்றுப் பின்தளம் இருக்கிறது, ராக்ம் நூலகத்தோடு சேர்த்து நிறுவினால் வடிவமைப்பையும் பார்த்துக்கொள்ளும்.

மௌனவாசகி

எஸ்விஜி வேலை செய்தது. மே இப்போது மேயாக இருக்கிறது. நன்றி. மாதப்பெயரைத் தமிழில் எடுக்க ஃபங்க்ஃபார்மேட்டர் எழுதினேன்: எண்ணை வாங்கி, நம்2டேட்டால் தேதியாக்கி, மாத எண்ணை வைத்துப் பன்னிரண்டு பெயர் உள்ள பட்டியலில் எடுத்துத் திருப்பித் தருகிறது. மொத்தம் மூன்று வரி. இது ஒட்டு வேலை ஆகாதல்லவா?

எண்ணிப்பார்

ஆகாது. உங்கள் பட்டியல் மாத எண்ணைக் கேட்டுப் பதில் சொல்கிறது, எத்தனையாவது டிக் என்று கேட்பதில்லை. ஃபங்க்ஃபார்மேட்டர் எண்ணோடு டிக்கின் வரிசை இடத்தையும் இரண்டாவதாகத் தரும். அதைத் தொடாதவரை நிம்மதி.

வரைகோல்

நான் கேட்க வந்தது ஒன்று, கற்றுக்கொண்டது ஏழெட்டு. மௌனவாசகியின் மூன்று வரியை நானும் எடுத்துக்கொண்டேன். இப்போது காலாண்டுக்கு ஒரு டிக், தமிழில் மாதம், ஜனவரியில் ஆண்டு. பெயர்கள் கொஞ்சம் நீளம் என்பதால் 45 பாகை சாய்த்தேன். சாய்த்ததும் பெயரின் நடு டிக்குக்குக் கீழே வருகிறது, எந்தப் பெயர் எந்த டிக்குக்கு என்று குழப்பம்.

திரைவரையன்

சாய்ப்பதோடு கிடை ஒழுங்கை ரைட் என்று வைத்து, ரொட்டேஷன் மோடை ஆங்கர் என்று கொடுங்கள். பெயரின் கடைசி எழுத்து டிக்கைத் தொட்டு நிற்கும்.

வரைகோல்

கச்சிதம்.

கறார்பேர்வழி

ஒன்று கேட்கலாமா? அது மாதச் சராசரி என்றீர்கள். ஜனவரி முழுதின் சராசரியை ஜனவரி 1க்கு நேரே வைத்திருக்கிறீர்கள். டிக்கும் அங்கேதான். பார்ப்பவர் அதை அந்த ஒரு நாளின் வெப்பநிலை என்று படிக்க மாட்டாரா?

எண்ணிப்பார்

இந்த முறை கறாரிடம் பதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வரைகோல், புள்ளிகளை மாதத்தின் நடுவுக்கு நகர்த்துங்கள். டிக்கை மாதத் தொடக்கத்திலேயே விடுங்கள், ஆனால் அதற்குப் பெயர் வேண்டாம், எதுவும் எழுதாத நல்ஃபார்மேட்டர் போதும். பெயரை மைனர் டிக்கில் (சின்னக் குறி) எழுதுங்கள்: மந்த்லொக்கேட்டரில் பைமந்த்டே 16, குறியின் நீளம் 0. இரண்டு கோட்டுக்கு நடுவே மாதப்பெயர் உட்காரும். 36 மாதமும் ஒரே படத்தில் நெருக்கும், ஆண்டுக்கு ஒன்றாக மூன்று படமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வரைகோல்

மூன்று படம், ஷேர்ஒய் ட்ரூ. புரிந்தது. நாளைக் காலையில் உட்கார்கிறேன்.